மதுரையில் காட்டுயிரைத் தேடி எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க்கு

வந்த கேள்வியின் சுருக்கம் இது: "மதுரைக்குக் குடிவந்து கொஞ்ச காலம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. பாதி ஆகாயத்தாமரை, மீதி கருவேல மரங்கள். பிள்ளைகளுக்குப் பறவை, பூச்சி என்றால் கொள்ளை ஆசை. மரக்கன்று நடலாம், குருவிக்கூடு மாட்டலாம் என்று தெருக்காரர்கள் சேர்ந்து யோசிக்கிறோம். பாம்பு வந்துவிடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். காட்டுயிரைப் பார்க்க தேக்கடி, முதுமலை என்றுதான் போக வேண்டுமா? நம்மால் உருப்படியாக என்ன செய்ய முடியும்? பைனாகுலர் வாங்கலாமா?"

தேக்கடிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் தொடங்க வேண்டிய இடம் உங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முதல் ஒரு வருஷம் அந்தக் கண்மாயில் எதையும் நட வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம். வாரம் ஒரு காலை கரையில் நின்று பாருங்கள், பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்க மிகச் சாதாரணமாகத் தெரியும். மதுரைப் பக்கம் காப்பாற்றப்பட்ட ஒவ்வோர் இடத்துக்குப் பின்னாலும் அப்படிப் பார்த்து வைத்த யாரோ இருந்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மதுரை மாவட்டத்தில் பெருங்காடு என்று சொல்லத்தக்கது மேற்கே சாப்டூர்ப் பக்கம் இருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அதுவும் சேர்த்தி. வடக்கே அழகர்மலை, அதைத் தாண்டினால் சிறுமலை. இவை போக, மாவட்டத்தின் உயிர்கள் பெரும்பாலும் வனத்துறை வேலிக்கு வெளியேதான் வாழ்கின்றன. கண்மாய், கரடு, கோவில் காடு, பனைவரிசை, பாழுங்கிணறு, வரப்பு, கல்லாங்குத்து. அரசுப் பதிவேட்டில் இவற்றுக்குப் புறம்போக்கு, தரிசு, பாறை என்று பெயர் இருக்கும். உயிர் இருப்பதற்கான அடையாளம் எதுவும் அந்தப் பதிவேட்டில் இருக்காது. அதனால்தான் ஒரு சாலையோ குடோனோ குவாரியோ வரும்போது முதலில் கைவைக்கப்படுவது இந்த இடங்களில்.

அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர் வட்டம், நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள், சுற்றிலும் 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்பது அரசு தந்த கணக்கு. குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் இருக்கின்றன, பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோவில் ஒன்று இருக்கிறது. தொல்லியலாளர்களுக்கு அந்த ஊர் பல காலமாகத் தெரியும். அதே பாறைச் சரிவுகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் இருக்கின்றன என்பது பொது உலகத்துக்குத் தெரிய வந்தது பிறகுதான். பறவை பார்ப்பவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பட்டியல் போட்டார்கள். சுமார் 250 வகைப் பறவைகள், அலுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு, மலைப்பாம்பு என்று அது நீண்டது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலத்தில் விடப்பட்ட செய்தி வெளியானது. சுற்று ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. வென்றது மக்கள் திரண்டதால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மக்கள் "எங்கள் ஊரில் இன்னது இருக்கிறது" என்று பெயர் சொல்லிப் பேச முடிந்தது. கல்வெட்டுக்கும் பெயர் இருந்தது, வல்லூறுக்கும் பெயர் இருந்தது, ஒவ்வோர் ஊற்றுக்கும் பெயர் இருந்தது. "வெறும் பாறைதானே" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் மேல் எந்தப் பறவை கூடு வைத்திருந்தது என்று இன்று தேடினாலும் பதிவு கிடைக்காது. மனசு கனக்கிற விஷயம் இது.

சரி, உங்கள் கண்மாய்க்கு வருவோம்.

கண்மாய் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொரு பருவத்தில் ஒவ்வொரு முகம். செப்டம்பர் வாக்கில் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரத் தொடங்கும், கரையோரத்தில் வாலாட்டிக் குருவி ஓடும். இரண்டும் வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகள். ஐப்பசி மழைக்கு முன்னால் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் பாட்டிமார் சொல்வது நினைவிருக்கும். அந்தத் தட்டான்களில் ஒரு வகை இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், தட்டானின் வாலில் நூல் கட்டும் ஆசை தானாகவே போய்விடும்.

அக்டோபர், நவம்பரில் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒரு சின்னப் பறவை களைத்து விழுந்து கிடந்தால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவிரவாகப் பறந்து தெற்கே வருகிறது. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். காயம் இல்லையென்றால் சில மணி நேரத்தில் தெம்பு வந்துவிடும், புதர் இருக்கும் இடத்தில் விட்டுவிடலாம். பூனையிடமிருந்து மட்டும் காப்பாற்றுங்கள்.

மழை பெய்து கண்மாய் பெருகிய பிறகு புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் வரும். தை, மாசியில் நீர் மெல்ல வற்றத் தொடங்கும்போதுதான் உண்மையான விருந்து. கணுக்கால் அளவுத் தண்ணீரில் அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், உள்ளான்கள் இறங்கும். பங்குனி, சித்திரையில் மேலூர்ப் பக்க ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவும் வலையுமாகக் கண்மாயில் இறங்கும். தரை வெடித்த பிறகும் கண்மாய் சாவதில்லை. ஆள்காட்டி அந்த மொட்டைத் தரையில்தான் கூழாங்கல் போன்ற நான்கு முட்டைகளை வைக்கும். கரை மணலில் பஞ்சுருட்டான் வளை தோண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாயை மைதானம் என்று நினைத்து வண்டி விடுகிறவர்களுக்கு இது தெரியாது.

இப்படி ஒரு சுற்று பார்த்துவிட்டீர்கள் என்றால், கண்மாயில் "சுத்தப்படுத்தும் பணி" என்று யாராவது வரும்போது என்ன பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கருவேல மரம் பற்றி. உங்கள் கேள்வியில் "கருவேல மரங்கள்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாட்டுக் கருவேல் வேறு, சீமைக் கருவேல் வேறு. நாட்டுக் கருவேலின் பூ பளிச்சென்ற மஞ்சளில் உருண்டையாக இருக்கும். காய் மணி கோர்த்த மாலை மாதிரி விதைக்கு விதை இடுக்கி, சாம்பல் வெள்ளையாகத் தொங்கும். சீமைக் கருவேலின் பூ வெளிறிய மஞ்சளில் நீளமான கதிராக இருக்கும். காய் இடுக்கு இல்லாமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். கண்மாய்க்குள் நீர்ப்பறவைகள் கூடு கட்ட நாட்டுக் கருவேலைப் போல ஒரு மரம் கிடையாது. முள் காவல், அடியில் தண்ணீர், மேலே குஞ்சு. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நாரைகளும் கொக்குகளும் பெரும்பாலும் கூடு வைப்பது அந்த மரத்தில்தான்.

சீமைக் கருவேலை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஜேசிபி ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே முள் மரம்தான். எந்த மரத்தை விட வேண்டும் என்று முன்கூட்டியே சாயம் பூசி அடையாளம் வைக்க வேண்டும். சீமைக் கருவேலிலேயே கூடுகள் இருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை, அதாவது மழைக்காலம் தொடங்கி பங்குனி வரை, தொடாமல் இருப்பது நல்லது. ஒரேயடியாக எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் அடுத்த வருஷம் பறவை உட்கார ஒரு கிளை இருக்காது. பகுதி பகுதியாக எடுத்து, இடையில் நாட்டுக் கருவேலும் மருதமும் வளர விட வேண்டும்.

தூர்வாருவதிலும் இதே கவனம் வேண்டும். ஓரமெல்லாம் செங்குத்தாக வெட்டி, நடுவில் ஒரே ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் அதிகம் நிற்கும் என்பது சரி. கால் குட்டையான பறவைக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. ஆடு மாடு இறங்கவும் வழி இருக்காது. ஒரு பக்கமாவது சரிவு மென்மையாக இருக்கட்டும் என்று கேளுங்கள். அள்ளிய மண்ணில் நடுவே ஓரிரு திட்டுகள் போடச் சொல்லுங்கள். நாயும் மனிதரும் எளிதில் போக முடியாத திட்டு பறவைக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆகாயத்தாமரை பற்றிச் சுருக்கமாக: ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்த்து இழுத்துப் போடுவது நல்ல காரியம், ஆனால் இழுத்ததைக் கரையிலேயே விட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். சாக்கடை கலக்கிற வரைக்கும் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அதன் உணவு அந்தக் கழிவுநீர்தான். எந்தக் குழாய், எந்த வாய்க்கால் வழியாகக் கழிவு வருகிறது என்று நடந்து பார்த்துப் படம் எடுத்து, மனுவோடு கொடுங்கள். யாரிடம் கொடுப்பது என்பது கண்மாயைப் பொறுத்தது. ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மாநகருக்குள் சில மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும். சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள். எண் இல்லாத மனு மேசையை விட்டு நகராது.

மரம் நடுவதற்கு முன் இன்னொரு விஷயம். கரட்டிலும் பாறையிலும் கல்லாங்குத்திலும் குழி தோண்டி மரம் நடும் ஆர்வம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த இடம் காலியாக இல்லை. பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இருக்கும், புல்லுக்குள் கவுதாரியும் காடையும் இருக்கும், பகல் முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பக்கி என்ற இரவுப் பறவையை நீங்கள் மிதிக்கும் தூரத்துக்கு வந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆண் பாறை ஓணான் இணைசேரும் காலத்தில் முதுகு செக்கச் சிவந்து கல் மேல் தலையாட்டுவதை நாகமலையிலோ சமணர் மலையிலோ பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவற்றுக்கெல்லாம் வெயில் வேண்டும், வெற்றுப் பாறை வேண்டும். அங்கே நிழல் மரம் நட்டால் வீட்டை இடித்துவிட்டு வீடு கட்டியதாகத்தான் அர்த்தம்.

மரம் நட இடமா இல்லை? தெருவோரம், பள்ளி வளாகம், கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம், வாய்க்கால் ஓரம். ஆல், அரசு, அத்தி, இச்சி இந்த நான்கில் ஒன்று வளர்ந்துவிட்டால் குக்குறுவான், குயில், மைனா, பழந்தின்னி வௌவால் அத்தனைக்கும் சோறு. இடம் குறைவென்றால் புங்கம், வேம்பு, நாவல், மகிழம். ஈரமான இடத்துக்கு மருதமும் கடம்பும். கடம்பவனம் என்று பெயர் வாங்கிய ஊரில் தெருவுக்கு ஒரு கடம்பாவது நிற்க வேண்டாமா?

வீட்டுக்குள் இருந்தபடி செய்யக்கூடியது வண்ணத்துப்பூச்சிகளுக்கான வேலை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் பச்சைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். அது சில வாரங்களில் பெரிய வண்ணத்துப்பூச்சியாகும். காலி மனையில் நிற்கும் எருக்கஞ்செடியில் வெந்தயவரியன் முட்டையிடும். வேலியோரத்து ஆவாரையிலும் ஆடுதீண்டாப்பாளையிலும் வேறு சில வகைகள். இந்தச் செடிகளை நாம் களை என்று பிடுங்கிவிட்டு, நர்சரியில் பூச்செடி வாங்கி வைத்து, வண்ணத்துப்பூச்சியே வரவில்லை என்கிறோம். பூவில் தேன் குடிக்க அவை வரும், ஆனால் முட்டையிட அந்தந்தச் செடிதான் வேண்டும்.

குருவிக்கூடும் அப்படித்தான். கூடு மாட்டுவது தப்பில்லை. தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், மதிய வெயில் படாத சுவரில், பூனை ஏற முடியாதபடி, துளை சின்னதாக இருக்கட்டும். ஆனால் சிட்டுக்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது தானியத்தை அல்ல, புழு பூச்சியை. சுற்றிலும் சிமெண்டுத் தளம், வாரம் ஒரு முறை கொசுப்புகை, ஒரு புதர்கூட இல்லை என்றால் கூடு வெறும் பெட்டிதான். முருங்கையோ மருதாணியோ அடர்ந்த ஒரு வேலி இருந்தால் அதில் வந்து அடையும். கோடையில் அகலமான மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். புறாவுக்குக் கோணிக்கணக்கில் தானியம் போடுவது வேண்டாம்; பெருகுவது அவை மட்டும்தான். அழகர்கோவிலில் குரங்குக்கு வாழைப்பழமும் சிப்ஸும் கொடுப்பதும் வேண்டாம். சாலையோரத்தில் காத்திருந்து பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது, இல்லையென்றால் கையில் இருப்பதைப் பிடுங்கிக் கடிக்கிறது. பாவம் பார்த்துக் கொடுத்ததுதான் அதற்கு வினையாகிறது.

மொட்டைப் பனையை யாரும் வெட்ட விடாதீர்கள். தலை போன பனையில்தான் பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை எல்லாம் பொந்து பிடிக்கின்றன. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. அந்தப் பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சு சந்தைக்கு வந்தால் வாங்காதீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். "வாங்கிக் காப்பாற்றுகிறோம்" என்று காசு கொடுத்தால் அடுத்த பொந்துக்கு ஏணி போடக் கூலி கொடுத்த கணக்கு.

இப்போது பாம்பு. பயம் நியாயமானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். கண்மாய் பக்கத்தில் இருந்தால் பாம்பு இருக்கத்தான் செய்யும். பெரும்பாலும் கண்ணில் படுவது சாரையும் தண்ணீர்ப்பாம்பும். இரண்டுக்கும் விஷம் இல்லை. சாரை இருக்கும் தெருவில் எலி குறையும். உயிருக்கு ஆபத்தானவை முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வரும், தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாததால் பூச்சிக்கடி என்று விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. கட்டிலில் படுப்பது, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கட்டுவது, இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாமல் இருப்பது, சுவரோரம் செங்கல், விறகு, மட்டை குவித்து வைக்காமல் இருப்பது, எலி சேரும் குப்பையை அகற்றுவது. இவை செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். தூரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு 101-க்குச் சொல்லுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போவார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கான விஷத்தைப் பாம்பைக் கொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் சென்னை அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர் மக்கள். தெருக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், பாம்பைப் பற்றிப் பேச்சு வேறு மாதிரி போகும்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்றால், முதலில் கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோவில் ஆலமரம், எல்லாம் ஒரு காலைக்குள் பார்த்துவிடலாம். பிறகு சாமநத்தம் கண்மாய், தை மாதத்தில். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். மேலூர் தாண்டி திருப்பத்தூர் சாலையில், சிவகங்கை மாவட்டம். 1977-இல் சரணாலயமானது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று. தலைமுறையாக இருக்கும் கட்டுப்பாடு. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பேசினால் போதும், நான் இங்கே எழுதியதையெல்லாம் விட அதிகம் தெரிந்துகொள்வார்கள்.

அழகர்மலைக்கு அந்தப் பக்கம் நத்தம் வட்டத்தில் காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கிறது. ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவுதான். 2025-இல் அதுவும் பல்லுயிர் மரபுத் தலமானது, தமிழ்நாட்டில் இரண்டாவது. நகரத்தை ஒட்டி இடையபட்டியில் வெள்ளிமலைக் கோவில் காடு இருக்கிறது. கோவில் காட்டுக்குப் போனால் ஊர்க் கட்டுப்பாடு என்ன என்று கேட்டுக்கொண்டு போங்கள். சில இடங்களில் செருப்புக் கூடாது, சில இடங்களில் குச்சி ஒடிக்கக்கூடாது. சாமிக்குப் பயந்து வைத்த விதிதான் இத்தனை காலம் அந்த மரங்களைக் காத்தது. அரிட்டாபட்டிக்கும் போகலாம், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை வல்லூறுகள் கூடு வைக்கும் நேரம். பாறைச் சரிவுக்கு நெருக்கமாகப் போவது, சத்தம் போடுவது, டிரோன் விடுவது கூடவே கூடாது. கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு இணையத்தில் போடுவதும் வேண்டாம். குஞ்சு பிடிக்கிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள்.

இனி அந்த நோட்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன பார்த்தீர்கள், எத்தனை. அவ்வளவுதான். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும். குரலை வைத்தே பெயர் சொல்லும், ஆனால் சில சமயம் தப்பாகவும் சொல்லும், அதனால் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பட்டியலை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் அது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவாகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-இலிருந்து. பதினைந்து நிமிடம் வாசலில் நின்று எண்ணினாலும் கணக்குதான். காக்கை, மைனாவையும் விடாமல் எண்ணுங்கள்; இன்று மலிவாக இருப்பது நாளை குறைந்தால் அதைக் காட்ட வேறு சான்று இருக்காது.

அந்த நோட்டுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது எழுத வேண்டும். பல ஊர்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது. ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மாநகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபையிலும் கேளுங்கள். "எங்கள் கண்மாயில் இத்தனை வகைப் பறவை, இந்த மாதத்தில் இந்த மரத்தில் கூடு" என்று எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்ட படத்தை விட அந்த ஒரு தாள் உங்கள் கண்மாய்க்கு அதிக காலம் துணை நிற்கும்.

தனியாகச் செய்ய வேண்டாம். மாடு மேய்க்கிறவர், மீன் பாசி ஏலம் எடுத்தவர், மடை திறக்கிறவர் என்று கண்மாயை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். எந்த வருஷம் எந்தப் பறவை வராமல் போனது, எந்த வருஷம் வரத்துக் கால்வாய் அடைபட்டது என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மடையான், வக்கா, நீர்க்காகம் எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயரையும் குறித்து வையுங்கள்.

கடைசியாக, பைனாகுலர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உடனே வேண்டாம். முதல் சில மாதம் வெறுங்கண்ணால் பாருங்கள். பறவை எங்கே உட்காருகிறது, எப்படி நடக்கிறது, எப்போது கிளம்புகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். அதன் பிறகும் ஆசை நிலைத்திருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 அளவில் ஒன்று வாங்கலாம். அதற்கு மேல் பெரிதாக்குவது பிள்ளைகள் கையில் ஆடும், படம் நிற்காது. வீட்டுக்கு ஒன்று போதும், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.